மொட்டை மாடியிலேயே வெயிலை மறிக்கலாம்

தென்சென்னைப் புறநகரில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கத்துப் பழைய தனி வீடுகளில் கோடைப் புழுக்கம் உச்சத்துக்கு ஏறுவது நண்பகலில் அல்ல, பெரும்பாலும் இரவில்தான். பொழுது சாய்ந்து, கடற்காற்று வந்து, தெருவில் நடப்பவர்களுக்கு உடம்பு ஆறிய பிறகும், மேல்தளத்து அறையில் மின்விசிறி அனல்காற்றையே கீழே தள்ளிக்கொண்டிருக்கும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை ராத்திரியில் அறைக்குள் இறக்குகிறது. 1970-களிலும் 80-களிலும் மனை வாங்கிக் கட்டப்பட்ட ஒற்றைத் தள, இரட்டைத் தள வீடுகள் இங்கே இன்னும் ஏராளம். அவற்றை இடிக்காமல், பெரிய செலவு வைக்காமல், வீட்டுக்காரரே கை போட்டுச் செய்யக்கூடிய வேலையாக வெப்பத் தடுப்பைக் கொண்டுவர முடியும். வேலையின் வரிசை தெரிந்திருந்தால் போதும்.

சென்னையில் 2003 மே இறுதியில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் இங்குள்ள வீட்டைச் சுடவைப்பது காற்றின் வெப்பநிலையைவிட நேரடி வெயில்தான். ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கும் சேலையூருக்கு ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அது சற்றே வடக்கே சாய்ந்தாலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. தெளிந்த நாளில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1000 வாட் வெயில் தளத்தின் மேல் விழுகிறது. அந்த மாதங்களின் நண்பகலில் தெற்குச் சுவருக்கு நேர் வெயில் இல்லை. கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் மட்டும் காய்கின்றன. காலை முதல் மாலை வரை ஓயாமல் காய்வது மொட்டை மாடி ஒன்றுதான்.

அந்தக் காலத்து மேஸ்திரிகளுக்கு இது தெரியாததல்ல. கான்கிரீட் ஒட்டு போட்டு முடிந்ததும் அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதன் மேல் தட்டோடு பதித்து இடுக்குப் பூசுவார்கள். மழைநீரை இறக்க வாட்டம் கொடுப்பதும் இந்த அடுக்கின் வேலை, சூட்டைத் தாமதப்படுத்துவதும் இதன் வேலை. அதற்கும் முந்தைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் இதே சுண்ணாம்புத் தளத்தைப் போட்டார்கள். இன்று பல வீடுகளில் ஒழுகுகிறது என்று இந்த அடுக்கை வெட்டி எறிந்துவிட்டு வெறும் சிமெண்ட் கலவை பூசிவிடுகிறார்கள். ஒழுகல் நிற்கலாம், வீடு முன்னைவிடக் கொதிக்கும். நல்ல நிலையில் இருக்கும் சுண்ணாம்புத் தளத்தைக் காப்பாற்றுவதே வெப்பத் தடுப்பின் முதல் வேலை.

சுண்ணாம்புத் தளம் மட்டும் போதாது என்பதும் உண்மை. ஒரு பொருளின் ஊடே எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பதை, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு இத்தனை வாட் என்று கணக்கிடுவது வழக்கம். எண் குறையக் குறைய நல்லது. ஐந்து அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது சுமார் 3.3 வருகிறது. அதன் மேல் நான்கு அங்குலச் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் இருந்தால் சுமார் 2.1. மத்திய அரசு 2018-இல் புதிய குடியிருப்புகளுக்காகக் கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பு, கூரைக்கு 1.2-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. பழைய வீடுகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் குறைபாட்டின் அளவு அதில் தெரிகிறது.

மே மாத மதியத்தில் பாசி படிந்து கறுத்த தட்டோட்டுத் தளம் 60 டிகிரி வரை சுடும். உள்ளே 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 10-க்கு 12 அடி அறையின் கூரை வழியாக உள்ளே இறங்கும் வெப்பம் 700 வாட்டுக்கு மேல். ஓர் இஸ்திரிப் பெட்டியை உத்தரத்தில் தொங்கவிட்டு மாலை வரை அணைக்காமல் வைத்திருப்பதற்கு அது சமம். தளத்தின் மேற்பரப்புச் சூட்டை 42 டிகிரிக்கு இறக்கிவிட்டால் அதே தளத்தில், வேறு எதையும் மாற்றாமலே, அந்த 700 ஏறக்குறைய 250 ஆகிவிடும். வெள்ளையடிப்பதன் பலன் அத்தனையும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

குளிர் நாடுகளின் வீடியோக்களைப் பார்த்து வேலையைத் தொடங்குகிறவர்கள் இடறுவது இங்கேதான். அங்கே உள்ளிருக்கும் சூடு வெளியேறாமல் காக்க வேண்டும். சுவர், தரை, கூரை, சன்னல் எல்லாவற்றையும் இறுக்கி மூட வேண்டும். இங்கே வெளிக்காற்றுக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் பல நேரங்களில் நான்கைந்து டிகிரிதான். ஏ.சி. இல்லாத வீட்டைக் காற்றுப் புகாமல் அடைத்தால் வியர்வை காயாமல் புழுக்கம் கூடும். வெயிலைத் தளத்துக்குள் இறங்கவிடாமல் வெளியிலேயே மறிப்பதும், இரவில் காற்றைத் தாராளமாக விடுவதும்தான் இந்த ஊர் வீட்டுக்குப் பொருந்தும்.

முதலில் தண்ணீர், பிறகு வெயில்

எந்தப் பூச்சுக்கும் பலகைக்கும் முன்பு தளத்தைச் சோதிக்க வேண்டும். சுத்தியலின் மரக்காம்பால் தட்டோட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், கெட்டியான இடத்தில் சத்தம் இறுகி வரும். ஓடு விட்டுப்போன இடத்தில் பொள்ளலாக ஒலிக்கும். அந்த ஓடுகளைச் சுண்ணக்கட்டியால் குறித்து, பெயர்த்து, மறுபடி பதிக்க வேண்டும். இடுக்குகளில் வேர்விட்ட அரசங்கன்று, ஆலங்கன்று இருந்தால் மேலே கிள்ளி எறிவது பயனில்லை. வேரோடு எடுத்துவிட்டு அந்தப் பிளவை அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலைதான் பெரும்பாலான ஒழுகல்களின் பிறப்பிடம். அங்கே பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, முக்கோணமாகக் கலவை வைத்து வளைத்துப் பூச வேண்டும்.

மழைநீர்க் குழாய் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் முழுவதும் விட்டுப் பார்த்தால் ஒழுகும் இடம் தானே காட்டிக்கொடுக்கும். ஆனால் கீழே கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிற வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. கம்பி துருப்பிடித்த தளம் கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டிய தளம். அதன் மேல் வெள்ளையடிப்பதும், கீழே பொய்க்கூரை போட்டு மறைப்பதும் ஆபத்தை மூடிவைப்பதாகும். தென்சென்னைப் புறநகரின் பழைய வீடுகளில் இந்த நோய் அபூர்வமல்ல. கழிவறைக்கு மேலும், சின்டெக்ஸ் தொட்டி நிற்கும் இடத்துக்குக் கீழும் முதலில் பார்ப்பது நல்லது.

வேலைக்கான காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய செங்கல் ஜல்லித் தளம் டிசம்பரில் மழை நின்றதும் காய்ந்துவிடாது. அந்த ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் வெயில் ஏறியதும் ஆவி மேலே தள்ளி, பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒழுகல் வேலையைத் தை மாதத்தில் முடித்து, மாசியில் பூச்சைத் தொடங்கினால் பங்குனி வெயிலுக்குள் வீடு தயாராகிவிடும்.

சுண்ணாம்பும் வெள்ளைப் பூச்சும்

மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது சுண்ணாம்பு. புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு விழும் வெயிலில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்; பழைய தட்டோடு மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை. நீற்றிய சுண்ணாம்புத் தூளை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால்பதத்துக்குக் கரைத்து, சுண்ணாம்புக்கென்றே கடைகளில் விற்கும் பசையைச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லை வாங்கி வீட்டில் நீற்றுவதாக இருந்தால் இரும்பு டிரம்தான் வேண்டும். தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். கல்லைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டுமே தவிர, கல் குவியலின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

தளத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, லேசாக நனைத்து, நீளவாக்கில் ஒரு பூச்சு, காய்ந்த பின் குறுக்குவாக்கில் ஒரு பூச்சு, மறுபடி நீளவாக்கில் ஒன்று என்று மெலிதாக மூன்று முறை அடிப்பது, கெட்டியாக ஒரே முறை அடிப்பதைவிட நன்றாகப் பிடிக்கும். காலை எட்டு மணிக்குள்ளோ மாலையிலோ அடிக்க வேண்டும்; கொதிக்கும் ஓட்டில் அடித்தால் பிடிப்பதற்குள் காய்ந்து பொடியாக உதிரும். சுண்ணாம்பின் ஆயுள் ஒரு கோடைதான். ஐப்பசி மழையில் பாதி கரைந்துபோகும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் மொட்டை மாடித் தண்ணீர் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறது. சுண்ணாம்பு அடித்த ஆண்டில் முதல் இரண்டு மூன்று மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிடுவது அவசியம்.

கூல் ரூஃப் என்ற பெயரில் விற்கும் அக்ரிலிக் பூச்சுகள் இதே வேலையைச் சில ஆண்டுகள் செய்யும். ரப்பர்போல இழுபடும் தன்மை இருப்பதால் மயிரிழை விரிசலையும் மூடும். டப்பாவில் உள்ள விளம்பர வாசகத்தைவிட, பூச்சு எவ்வளவு வெயிலைத் திருப்புகிறது என்ற எண்ணைப் பார்த்து வாங்குவதே சரி. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதி 2017-இல் குளிர்க்கூரைக்கு நிர்ணயித்த குறைந்தபட்சம் 0.6. அகமதாபாத் 2017-இல் தன் வெப்ப நடவடிக்கைத் திட்டத்தில் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சைச் சேர்த்தது. தெலங்கானா 2023-இல் தனிக் குளிர்க்கூரைக் கொள்கையே வெளியிட்டது. அங்கெல்லாம் பேசப்படும் நுட்பம் இதுதான், புதிதாக ஒன்றும் இல்லை.

வெள்ளைத் தளத்துக்கு ஒரே எதிரி தூசி. வேளச்சேரி பிரதான சாலையை ஒட்டிய தெருக்களில் ஓராண்டுக்குள் வெள்ளை சாம்பல் நிறமாகிவிடும். பலனும் அதற்கேற்பக் குறையும். பங்குனியில் ஒரு முறை கழுவிவிட்டால் பெருமளவு திரும்பக் கிடைக்கும். வடாம் காயவைக்கவும் துணி உலர்த்தவும் நடமாடும் பாதையில் பூச்சு சீக்கிரம் தேயும் என்பதால், அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளை டைல்ஸ் பதிப்பது பொருத்தம். தளம் முழுக்க டைல்ஸ் பதிப்பதானால் எடையைக் கணக்கிட வேண்டும். ஓர் அங்குலக் கலவையும் டைல்ஸும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 60, 70 கிலோ ஏறும். ஏறிப் புழங்கும் மொட்டை மாடி சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி வடிவமைப்பது இந்தியத் தர விதி. அந்தக் கணக்கு ஆட்களுக்கும் பண்டங்களுக்கும் ஒதுக்கியது, பின்னால் ஏற்றும் கலவை அடுக்குகளுக்கு அல்ல. ஏற்கெனவே சுண்ணாம்புத் தளம் இருக்கும் வீட்டில் அதன் மேல் டைல்ஸ், அதன் மேல் மண்தொட்டித் தோட்டம் என்று ஏற்றிக்கொண்டே போவது சரியல்ல.

நிழலும் பலகையும்

வெள்ளை வெயிலைத் திருப்புகிறது; நிழல் அதைத் தளத்தில் படவே விடுவதில்லை. பச்சை நிழல்வலையை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஆறேழு அடி உயரத்தில் கட்டினால் கீழே காற்று ஓடும், தளமும் ஆறும். வலையைத் தளத்தின் மேலேயே விரித்தால் அதில் பாதிப் பயன்கூட இல்லை. தென்னங்கீற்றுப் பந்தல் வலையைவிடக் குளிர்ச்சி தரும். ஆனால் தீபாவளி ராக்கெட்டுக்கு அது பஞ்சு. எதைக் கட்டினாலும் ஐப்பசிக்கு முன் அவிழ்த்துவிட வேண்டும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் இந்தப் பகுதியில் மரங்களையே வேரோடு சாய்த்தது. தளர்ந்த வலையும் தகரமும் எம்மாத்திரம்?

நிரந்தர நிழலாகச் சூரிய மின்தகடு வைப்பது இரட்டை ஆதாயம். தகட்டுக்குக் கீழே உள்ள தளம் வெயில் படாமல் இருக்கும், மின்கட்டணமும் குறையும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டிலிருந்து உச்சவரம்பாக 78,000 ரூபாயும் மானியம் உண்டு. தகட்டின் கால்களைப் பதிக்கத் தளத்தில் துளையிடுவதுதான் பழைய வீட்டுக்குக் கெடுதல். துளையிடாமல் கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தும் முறையை, அந்த எடையைத் தளம் தாங்குமா என்று பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகுதான் வெப்பத்தடுப்புப் பலகை வருகிறது. பகலில் ஏ.சி. ஓடும் வீட்டுக்கு இது மிகவும் பயன்படும். எக்ஸ்.பி.எஸ். என்று கடையில் கேட்டால் கிடைக்கும் நெருக்கமான நுரைப்பலகை இரண்டு அங்குலத்துக்குப் போட்டால், முன்சொன்ன 2.1 என்ற எண் 0.5-க்கு இறங்கிவிடும், ஓர் அங்குலம் போட்டாலே 0.8. முதல் அங்குலம்தான் பெரிய வேலையைச் செய்கிறது. பலகையை நீர்க்காப்புப் பூச்சின் மேல் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, அதன் மேல் நெய்யாத துணி விரித்து, கம்பிவலையோடு மெல்லிய கலவை போட்டு வெள்ளை டைல்ஸ் பதிக்க வேண்டும். அடுக்குவதை வீட்டுக்காரரே செய்யலாம். வாட்டம் பிசகாமல் மேல்கலவை போடுவதைக் கொத்தனாரிடம் விடுவது நல்லது. சாதாரணத் தெர்மோகோல் மலிவுதான், ஆனால் தண்ணீரை உள்ளே வாங்கும், மிதித்தால் நொறுங்கும். குமிழித்தாளில் ஒட்டிய வெள்ளித்தகடுகளையும் பலர் வாங்கிக் கலவைக்குள் புதைக்கிறார்கள். அந்தத் தகடு வேலை செய்ய அதன் ஒரு பக்கத்திலாவது ஓர் அங்குலக் காற்றிடைவெளி வேண்டும். சிமெண்டில் புதைந்த வெள்ளித்தகடு வெறும் தகடுதான்.

கூரைக்குக் கீழே, அறைக்குள் ஜிப்சம் பொய்க்கூரை போட்டு மேலே பாறைக்கம்பளி வைப்பதும் வெப்பத்தைக் குறைக்கும். பழைய வீட்டுக்கு இது இரண்டாம்பட்சமே. மேலே கான்கிரீட் முழு வெயிலிலும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், கைப்பிடிச் சுவர் மூலையில் விரிசல் விடும், ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியாது. மேலே போடும் தடுப்பு கட்டடத்தையும் சேர்த்துக் காக்கிறது. மாடி அடுத்தவருடையது என்னும் அடுக்குமாடிக்காரர்களுக்கு மட்டும் உள்வழியே வழி. எக்காரணம் கொண்டும் தெர்மோகோல் பலகையை மூடாமல் கூரையில் ஒட்டக் கூடாது. தீப்பிடித்தால் அது உருகி எரிசொட்டாகக் கீழே விழும், புகையே மூச்சை அடைத்துவிடும்.

வீட்டின் பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் விதிகள் வேறு. அதைத் துளையிடவோ, அறுக்கவோ, கம்பித் துடைப்பத்தால் தேய்க்கவோ கூடாது. பறக்கும் கல்நார் நூல் நுரையீரலுக்கு நஞ்சு. ஷீட்டின் மேல் கால் வைக்கவும் கூடாது, எடை தாங்காமல் உடையும். மெல்லிய நீர்த்தூவலால் நனைத்து, நீண்ட காம்பு உருளையால் வெள்ளைப் பூச்சைக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சுவர், சன்னல், ஏ.சி. அறை

ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குப் பலகை ஒட்டுவது இந்த ஊரில் வீண்செலவு. மேற்குச் சுவருக்கு வெளிர்நிறம் அடித்து, சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டால் போதும். திரைச்சீலையை உள்ளே போட்டால் வெயில் கண்ணாடியைக் கடந்த பிறகுதான் தடுக்கப்படுகிறது. தட்டி அதை வெளியிலேயே நிறுத்துகிறது. மேற்கே இடம் இருந்தால் வேம்போ புங்கனோ வைக்கலாம். சுவரிலிருந்து பத்தடி தள்ளி வைக்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் சன்னலைச் சாத்தி, கடற்காற்று வந்ததும் திறப்பது பழைய வீட்டுப் பெண்கள் கடிகாரம் பார்க்காமல் செய்துவந்த வேலை.

ஏ.சி. அறைக்கு மட்டும் இடுக்குகளை அடைக்க வேண்டும். மரக்கதவின் அடியில் ரப்பர்ப் பட்டை, சன்னல் சட்டத்தில் நுரைப்பட்டை, ஏ.சி. குழாய் போகும் துளையில் அடைப்புக்களிம்பு ஆகிய மூன்றும் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பழைய சமையலறைப் பக்கத்து அறைகளில் உயரத்தில் காற்றுவாரித் துளைகள் இருக்கும். கேஸ் அடுப்பு உள்ள இடத்தில் அவற்றை அடைக்கவே கூடாது. குளிர்ந்த அறைச் சுவரில் ஈரம் வெளிக்காற்றிலிருந்துதான் வருகிறது. ஆகவே ஈரத்தடுப்பு இங்கே சுவரின் வெளிப்பக்கத்தில் வர வேண்டும். குளிர்நாட்டுப் புத்தகம் உள்பக்கத்தில் போடச் சொல்லும். அதைப் பின்பற்றிச் சென்னையில் ஏ.சி. அறைக்குள் பிளாஸ்டிக் தாள் ஒட்டினால் அதன் பின்னால் ஓதம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே அறையின் கூரையை அகச்சிவப்பு வெப்பமானியால் மதியம் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அளந்து எழுதிவைத்தால் எந்த வேலைக்குக் கூலி வந்தது என்று தெரிந்துவிடும். வெளியே வெயில் ஏறக்குறைய ஒரே அளவு இருந்த நாட்களை மட்டுமே ஒப்பிட வேண்டும். பளபளக்கும் தகட்டின் மேல் அந்தக் கருவி பொய் காட்டும். பூசிய சுவரிலும் ஓட்டிலும் சரியாகக் காட்டும். இரவு அளவு இறங்காமல் பகல் அளவு மட்டும் இறங்கியிருந்தால், மேற்குச் சுவரையும் சன்னலையும் அடுத்துப் பார்க்க வேண்டும்.